புதுக் கணக்கு எழுதும் முன் பழைய கணக்கை முடிப்போம்

ஜனவரி பிறந்தால் நமது கடைகளில் முதல் வேலை காலண்டர் விநியோகம். சாமி படம் போட்ட தினசரி காலண்டரைச் சுருட்டி, ரப்பர் பேண்டு மாட்டி, வாடிக்கையாளர் கையில் கொடுத்து வாழ்த்துச் சொல்கிறோம். கொடுக்க மறந்தால் அவர்களே கேட்டு வாங்கிக் கொள்கிறார்கள். ஊருக்கு அத்துடன் ஆண்டு பிறந்து விடுகிறது. ஆனால் வியாபாரிக்கு ஆண்டு பிறந்ததா இல்லையா என்பதை அவருடைய கணக்கு நோட்டுதான் சொல்ல வேண்டும்.

நோட்டு என்ன சொல்கிறது என்று பார்த்தால், நம்மில் பல பேர் கடையில் பழைய ஆண்டே இன்னும் முடியவில்லை. நல்ல நாள் பார்த்துப் புது நோட்டு வாங்குகிறோம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, 'லாபம்' என்று எழுதி சாமி படத்தின் முன் வைக்கிறோம். பழைய நோட்டில் நிற்கும் பாக்கி, பரண் மேல் இருக்கும் சரக்கு, மொத்தக் கடைக்குக் கொடுக்க வேண்டியது ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டுப் புது நோட்டில் முதல் வரவை எழுதத் தொடங்குகிறோம். இது பூஜை ஆகும். புதுக் கணக்கு ஆகாது. இதைப் பற்றித்தான் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் நமது வணிக நண்பர்களுடன் கொஞ்சம் பேச விரும்புகிறோம்.

ஒரு கடைக்கு எத்தனை ஆண்டுப் பிறப்பு?

எண்ணிப் பார்த்தால் நமக்கு ஆண்டுப் பிறப்புகள் பல. ஜனவரி 1 உலகத்தோடு ஒட்டியது. தை முதல் நாள் உழவரோடு ஒட்டியது. சித்திரை முதல் நாள் பஞ்சாங்கத்தோடு ஒட்டியது. ஆயுத பூஜைக்குத் தராசுக்குப் பொட்டு வைத்து, மறுநாள் விஜயதசமியில் கணக்குத் தொடங்குவோரும் உண்டு. சௌகார்பேட்டையில் குஜராத்தி, மார்வாடி வியாபாரிகள் தீபாவளியன்று கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை செய்வதை, சரக்கெடுக்க அங்கே போய் வரும் நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அரசாங்கத்துக்கோ ஏப்ரல் 1.

இந்த ஏப்ரல் 1 வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. 1867 வரை இந்திய அரசின் நிதியாண்டு மே மாதம் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. பிறகுதான் இங்கிலாந்தின் கணக்கோடு ஒத்துப்போக ஏப்ரல்-மார்ச் ஆக்கினார்கள். அப்போதும் வியாபாரி தனக்கு வசதியான ஆண்டை வைத்துக் கொள்ள அனுமதி இருந்தது. சித்திரை முதல் பங்குனி வரை ஒருவர், தீபாவளிக்குத் தீபாவளி ஒருவர் என்று கணக்கு முடித்து, அதையே வருமான வரிக்கும் காட்டினார்கள். 1989-90 மதிப்பீட்டு ஆண்டிலிருந்துதான் எல்லோருக்கும் மார்ச் 31 என்று சட்டம் ஒன்றாக்கியது. அந்த மாற்றத்தின்போது கடையில் நின்றவர்கள் நாங்கள். சித்திரைக்கு எழுதிய பேரேட்டை மார்ச்சுக்கு இழுத்துக் கட்டுவதற்குள் கணக்குப்பிள்ளைகள் பட்ட பாடு இன்றும் நினைவிருக்கிறது. 2025ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம், 2026 ஏப்ரல் 1 முதல் என்று நாள் குறித்து, 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற இரண்டு பெயர்களையும் எடுத்துவிட்டு 'வரி ஆண்டு' என்ற ஒரே பெயரைக் கொண்டு வந்தது. பெயர்தான் மாறியது, ஏப்ரல்-மார்ச் மாறவில்லை.

நாம் சொல்ல வருவது இதுதான். எந்த நாளை வைத்துக் கொண்டாலும் கெடுதல் இல்லை. அந்த நாளுக்கு முந்தின நாள் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி. சித்திரைக் கணக்குக்காரருக்குப் பங்குனி முழுவதும் வசூல் மாதமாக இருந்தது. பாக்கியை வாங்கி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, மீதியைப் புதுப் பக்கத்தில் 'முன் பாக்கி' என்று எடுத்து எழுதினால்தான் மஞ்சள் தடவத் தகுதி வரும் என்பது அந்தக் கால ஒழுங்கு.

இந்த ஒழுங்கு நமக்கு மட்டும் உரியதல்ல. வங்காளத்தில் நமது சித்திரை முதல் நாளையொட்டி வரும் அவர்களுடைய ஆண்டுப் பிறப்பில் 'ஹால்கத்தா' என்று புதுக் கணக்குத் திறக்கிறார்கள். வாடிக்கையாளர்களைக் கடைக்கு அழைப்பார்கள். அவர்கள் வந்து பழைய பாக்கியைக் கட்டுவார்கள். கடைக்காரர் இனிப்புக் கொடுத்து உபசரிப்பார். சீனர்களிடமும் புத்தாண்டு பிறப்பதற்குள் கடனைத் தீர்த்துவிட வேண்டும் என்ற வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வியாபாரம் செய்யும் சமூகம் எதுவானாலும், பழையதை முடிக்காமல் புதியதைத் தொடங்குவதில்லை என்று வைத்திருக்கிறது.

சட்டம் நாள் குறித்து வந்தபோது

நாமாக ஆண்டை முடிக்காவிட்டாலும், சட்டம் அவ்வப்போது நாள் குறித்து வந்து முடிக்கச் செய்திருக்கிறது. நமது தகப்பனார் காலத்தில் 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயாபைசா வந்தது. பதினாறு அணா போய் ரூபாய்க்கு நூறு காசு ஆனது. நாலணாவுக்கு இருபத்தைந்து என்பது எளிது. ஓரணாவுக்கு ஆறே கால் என்றால் அந்தக் காலை யார் விடுவது என்று கடைக்குக் கடை தகராறு. அடுத்து 1958 அக்டோபரில் தொடங்கி 1962க்குள் வீசையும் பலமும் போய்க் கிலோவும் கிராமும் வந்தன.

நமது காலத்தில் 2007 ஜனவரி 1. நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் 2005 ஏப்ரலிலேயே வாட் வரிக்குப் போய்விட, தமிழ்நாடு அந்தப் புத்தாண்டு அன்றுதான் மாறியது. பிறகு 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2019 ஜனவரி 1ல் ஒரு முறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. அதற்கு 2018 ஜூன் மாதமே அறிவிப்பும் ஆணையும் வெளியாகி, ஆறு மாதம் அவகாசம் இருந்தது. ஆறு மாதத்தையும் பேச்சில் கழித்துவிட்டு, டிசம்பர் 31 இரவில் கேரி பேக் மூட்டையை வைத்துக்கொண்டு விழித்த கடைகள் நமது பகுதியில் பல. அக்டோபரிலேயே கொள்முதலைக் குறைத்து, துணிப்பை எங்கே கிடைக்கும் என்று தேடியவர்கள் ஜனவரி 2ஆம் தேதி வழக்கம்போல் வியாபாரம் செய்தார்கள். பழைய செய்தித்தாள் பொட்டலத்துக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதையும் கூடாதென்று சொல்கிறது.

கடைசியாக 2025 செப்டம்பர் 22, நவராத்திரி முதல் நாள். பிஸ்கட், சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும், நெய் 12லிருந்து 5க்கும் இறங்கின. வாடிக்கையாளர் அன்று காலையிலேயே குறைந்த விலை கேட்டார், கேட்டது நியாயம். அலமாரியில் இருந்ததோ பழைய வரி கட்டி வாங்கிய சரக்கு. வரிப் பதிவு உள்ளவருக்கு, கட்டிய வரி உள்ளீட்டு வரவாக நின்றது. பதிவு இல்லாத சிறு கடைக்கும் காம்போசிஷன் முறையில் இருந்தவருக்கும் அந்த வரவு கிடையாது. 21ஆம் தேதி இரவு இருப்பை எண்ணி, பில்லோடு பட்டியல் வைத்திருந்தவர் ஏஜென்சியிடம் நின்று பேச முடிந்தது. பட்டியல் இல்லாதவர் பேச்சு எடுபடவில்லை.

இந்த மாற்றங்கள் எல்லாவற்றிலும் ஒரே பாடம். முதல் நாள் இரவு தன் கடையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவருக்கு மறுநாள் புதிய நாளாக விடிந்தது. தெரியாதவருக்கு அது நஷ்டத்தோடு விடிந்தது.

வெள்ளத்துக்குப் பின் ஒரு தை

சட்டமாவது நாள் குறித்து வருகிறது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் வந்த வெள்ளம் சொல்லிக்கொண்டு வரவில்லை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளோடு கடைகளும் மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு மளிகைக் கடையைத் திறந்து பார்ப்பது என்ன கொடுமை என்பது மளிகைக்காரருக்குத்தான் தெரியும். சர்க்கரையும் உப்பும் கரைந்து சாக்கு மட்டும் கிடந்தது. அரிசி மூட்டை ஊதி, நான்காம் நாள் முளைவிட்டு நாறியது. பருப்பு, மிளகாய், மாவு எதுவும் மிஞ்சவில்லை. சரக்கோடு சேர்ந்து கடன் நோட்டும் நனைந்து எழுத்து அழிந்து போயிற்று.

2016 பொங்கல் ஜனவரி 15ல். இடையில் இருந்தது ஆறு வாரம். மளிகைக்குப் பொங்கல் வியாபாரம் போனால் அந்த ஆண்டே போன மாதிரி. எங்களிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் கையில் பணமும் இல்லை, பழைய பாக்கி கொடுக்க வழியும் இல்லை. அப்போது மொத்தக் கடைக்காரர்களான நாங்கள் சிலர் பேசி வைத்த ஏற்பாடு எளியது. நவம்பர் 30 வரை உள்ள பாக்கியைத் தனிப் பக்கத்தில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு மூடி வைத்தோம். பொங்கல் வரை அதைக் கேட்பதில்லை. புதுச் சரக்குக்குப் பாதி ரொக்கம், மீதி வாரக் கடைசியில். தை முடிந்த பிறகு மூடி வைத்த பாக்கியில் வாரம் ஒரு சிறு தொகை.

பேச்சு முடிந்த அன்றே சரக்கு ஏறியது யாருக்கு என்றால், கணக்கு ஒத்துப் போனவர்களுக்கு. அவர்கள் சொன்ன பாக்கியும் எங்கள் பேரேட்டில் இருந்த பாக்கியும் ஒன்றாக இருந்தன; ஐந்து நிமிஷத்தில் பேச்சு முடிந்தது. மாதக்கணக்கில் சரிபார்க்காமல் விட்டவர்களோடு, எந்தப் பில் வந்தது, எந்தப் பில் வரவில்லை என்று பேசியே இரண்டு வாரம் ஓடியது. அதற்குள் பச்சரிசியும் வெல்லமும் வேறு கடைகளில் விற்றுத் தீர்ந்தன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடன் நோட்டு நனைந்துவிட்டது என்று தெரிந்தும், "நான் உங்களுக்கு இவ்வளவு தரணும்" என்று தாமாகவே வந்து கொடுத்த வாடிக்கையாளர்கள் உண்டு. மாதா மாதம் தொகை சொல்லிக் கணக்கு முடித்த கடைகளில்தான் அது அதிகம் நடந்தது. தான் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று தெரிந்தவர்தானே வந்து கொடுக்க முடியும்!

லாபம் எங்கே போயிற்று?

இனி சாதாரண ஆண்டுக்கு வருவோம். "நாள் முழுக்க வியாபாரம் நடக்கிறது, கையில் ஒன்றும் நிற்கவில்லை" என்பது நாம் அதிகம் கேட்கும் வார்த்தை. ஒரு சிறு கடையை வைத்து உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆண்டுத் தொடக்கத்தில் இருப்புச் சரக்கு 3,00,000 ரூபாய். ஆண்டு முழுவதும் கொள்முதல் 24,00,000. ஆண்டு முடிவில் இருப்பு 3,50,000. ஆக விற்ற சரக்கின் அடக்கம் 23,50,000. விற்பனை 26,00,000. மொத்த லாபம் 2,50,000. கடை வாடகை மாதம் 8,000 வீதம் 96,000. கரண்ட், வண்டிக்கூலி, இதர செலவு 36,000. இவை போக நிகர லாபம் 1,18,000.

காகிதத்தில் லாபம் இருக்கிறது. கல்லாவில் ஏன் இல்லை? வாடிக்கையாளர் பாக்கி சென்ற ஆண்டு 40,000 இருந்தது, இந்த ஆண்டு 1,00,000 ஆகிவிட்டது. அதில் 60,000 போயிற்று. சரக்கு இருப்பு ஏறியதில் 50,000 பரணில் உட்கார்ந்துவிட்டது. மிச்சம் 8,000. ஒரு குடும்பம் 8,000 ரூபாயில் ஆண்டு முழுவதும் சாப்பிட முடியாது. அப்படியானால் வீட்டுச் செலவு எங்கிருந்து வந்தது? மொத்தக் கடைக்குக் கொடுக்க வேண்டிய பணத்திலிருந்து. இந்தக் கடைக்காரர் லாபத்தில் வாழ்வதாக நினைத்துக் கடனில் வாழ்கிறார். ஆண்டுக்கு ஒரு முறை ஐந்தொகை போட்டுப் பார்க்காத வரை இது அவருக்குத் தெரியாது. சரக்கு கொடுப்பதை நாங்கள் நிறுத்தும் நாளில்தான் தெரியும். அந்த நாளை நாங்களும் விரும்புவதில்லை.

பரணில் இருப்பதைக் கீழே இறக்க இதுவே நல்ல நேரம். பொங்கல் விற்பனை முடிந்ததும் கடையில் இருப்பு மிகக் குறைவாக இருக்கும், எண்ணுவது சுலபம். தவிர, சரக்குக்கும் தையில்தான் ஆண்டு பிறக்கிறது. கல்புர்கி பக்கத்துத் துவரை வரத்து தொடங்கியிருக்கும். தொடர்ந்து குண்டூர் மிளகாயும் ஈரோட்டு மஞ்சளும், மாசி, பங்குனியில் புதுப் புளியும் வரும். புது வரத்து இறங்கினால் பழைய மிளகாயையும் நிறம் கறுத்த புளியையும் யாரும் சீந்த மாட்டார்கள். பழசானால் விலை கூடுவது அரிசி ஒன்றுதான். ஆகவே அரிசியை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவது புத்திசாலித்தனம்.

மாதக் கணக்கும் மூன்று ஆண்டும்

கடன் கொடுக்காமல் மளிகை நடத்து என்று சொல்பவர் தாம்பரத்தில் கடை வைத்தவராக இருக்க மாட்டார். 1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து இது மாதச் சம்பளக்காரர்களின் ஊராக வளர்ந்தது. ரயில்வே, விமானப் படை, பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி என்று எல்லாமே முதல் தேதிச் சம்பளம். நமது வியாபாரமும் மாதக் கணக்கில்தான் வளர்ந்தது. இன்று போனில் ஆர்டர் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் சரக்கு வாசலுக்கு வருகிறது. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி. முகம் தெரிந்தவருக்கு நம்பிக்கையின் பேரில் கொடுக்கும் மாதக் கணக்கு மட்டும் அங்கே இல்லை. அதுதான் நமது பலம். பத்தாம் தேதிக்குள் முடிந்தால் அது மாதக் கணக்கு. அடுத்த மாதத்துக்குத் தாண்டினால் அது கடன்.

பெரிய பாக்கிகளைப் பொறுத்தவரை ஒரு சட்ட விஷயத்தையும் மனதில் வைக்க வேண்டும். விற்ற சரக்குக்கான பாக்கிக்கு வழக்குப் போட, 1963ஆம் ஆண்டுக் காலவரைச் சட்டப்படி பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. கெடு முடியுமுன் கடன்பட்டவர் 'இவ்வளவு தர வேண்டும்' என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். ஆண்டுதோறும் பாக்கிக்கு ஒப்புதல் கையெழுத்து வாங்குவது அவமரியாதை அல்ல. இரு தரப்புக்கும் பாதுகாப்பு. எங்களிடம் நீங்களும் அப்படியே கேளுங்கள். மொத்தக் கடைப் பேரேட்டில் உங்கள் பெயருக்கு என்ன நிற்கிறது என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது எழுதி வாங்குவது உங்கள் உரிமை.

இன்று முதல் மார்ச் 31 வரை

புத்தாண்டில் பெரிய சபதங்கள் வேண்டாம். மூன்று மாதத்தில் கீழ்க்கண்டவற்றை முடித்தால் போதும்.

1. பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு நாள் கடையை அரை நாள் முன்னதாகச் சாத்தி, முழு இருப்பையும் எண்ணி எழுதுங்கள். காலாவதி தேதி நெருங்கியதைத் தனியே வைத்து, ஏஜென்சிக்குத் திருப்பக்கூடியதைத் திருப்புங்கள்.

2. கடன் நோட்டைப் பார்த்து மூன்று பட்டியல் போடுங்கள்: மாதா மாதம் முடிப்பவர், இழுப்பவர், வராதவர். மூன்றாம் பட்டியலைச் சொத்தாக நினைத்துக்கொண்டிருப்பதை நிறுத்துங்கள். வந்தால் வரவு.

3. மொத்தக் கடை ஒவ்வொன்றோடும் பாக்கியைச் சரிபார்த்துக் கையெழுத்து மாற்றிக் கொள்ளுங்கள். அப்பளம், மசாலா, செக்கு எண்ணெய் போன்றவற்றைப் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கினால், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைக்குள், இல்லையேல் 15 நாளைக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால், 2023-24 கணக்கிலிருந்து வந்த விதிப்படி, பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும்.

4. ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் முறைக்கு மாற விரும்புகிறவர் அடுத்த நிதியாண்டு தொடங்குமுன், அதாவது மார்ச் 31க்குள் தெரிவிக்க வேண்டும். ஏப்ரல் 1ல் பில் எண் வரிசையைப் புதிதாகத் தொடங்குங்கள்.

5. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை. உங்கள் தராசில் எந்தக் காலாண்டு முத்திரை இருக்கிறது என்று இன்றே பாருங்கள். மாநகராட்சித் தொழில் உரிமத்தையும் எடுத்துப் பாருங்கள். 2021ல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆன பிறகு, பழைய அலுவலகம் கொடுத்த காகிதத்தையே இன்னும் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர்கள் உண்டு.

6. சரக்குக்குக் காப்பீடு எடுங்கள். 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழில், கடைகளுக்கென 2021 ஏப்ரல் முதல் ஒரே மாதிரியான பாலிசி இருக்கிறது. தீ மட்டுமின்றி புயல், வெள்ளமும் அதில் அடங்கும். நஷ்டஈடு கேட்கும்போது இருப்புப் பட்டியலைத்தான் முதலில் கேட்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். பட்டியலின் ஒரு பிரதியைக் கடையில் வைக்காமல் வீட்டில், மேல் அலமாரியில் வையுங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

ஊரும் நிற்கப் போவதில்லை. 2023 டிசம்பர் 30ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபோது, பெருங்களத்தூரில் வெளியூர் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தை நம்பிய கடைகளின் வியாபாரம் மாறிற்று. வண்டலூர்ப் பக்கம் புதுக் கடைகள் முளைத்தன. இனியும் இப்படி எத்தனையோ வரும். எது வந்தாலும், தன்னிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தர வேண்டும், யாரிடமிருந்து என்ன வர வேண்டும் என்ற மூன்றும் தெரிந்த வியாபாரி எந்த நாளிலும் புதிதாகத் தொடங்கலாம்.

பொங்கலுக்கு முதல் நாள் போகி. வீட்டில் வேண்டாததைக் கழிக்கும் அன்று கடையையும் ஒரு முறை கழித்துப் பாருங்கள். அதன் பிறகு மஞ்சள் தடவிய நோட்டில் 'லாபம்' என்று எழுதுங்கள். எழுதியபடி நடக்கும். உறுப்பினர்கள் அனைவருக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும் புத்தாண்டு, பொங்கல் நல்வாழ்த்துகள்.